சில்லறை மறைந்த காலத்துச் செப்பு வில்லைகள்

யுத்தம் மூண்ட தேசத்தில் முதலில் கண்ணுக்கு மறைவது தங்கம், அதன்பின் வெள்ளி, கடைசியில், கூலிக்காரன் மடியிலும் அங்காடிக்காரியின் சுருக்குப்பையிலும் கிடக்கிற செப்புக் காசும் போய்விடுகிறது. 1861 முதல் 1865 வரை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்த உள்நாட்டு யுத்தத்தின்போது இந்தக் கிரமம் சற்றும் பிசகாமல் நிறைவேறிற்று. சர்க்கார் கைவிட்ட இடத்தில் வியாபாரிகள் முன்வந்து, பீர்க்கடைக்காரரும் மாவு மில் முதலாளியும் ரொட்டிக்காரரும் சவப்பெட்டி விற்பவரும் தத்தம் பெயர் பொறித்த செப்பு வில்லைகளை ஒரு சென்டு நாணயத்துக்குப் பதிலாக அடித்து வெளியிட்டார்கள். அப்படி வெளிவந்தவை சுமார் இரண்டரைக் கோடி இருக்கலாம் என்பது நாணய ஆராய்ச்சியாளர்களின் மதிப்பு. இவற்றைச் சேகரிப்பது அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. இவை ஏன் பிறந்தன, எப்படிப் புழங்கின, எந்தச் சட்டத்தால் நின்றன, சேகரிப்போர் இவற்றை எவ்வாறு வகைப்படுத்தினார்கள் என்பவற்றைச் சொல்வதோடு, இன்று கிடைக்கும் வில்லைகளில் எவற்றின் சாட்சியத்தைச் சரித்திரம் ஏற்கலாம், எவற்றைச் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யுத்தச் செலவு ஏறி, பொதுஜனங்கள் கலங்கித் தங்கத்தைத் திரும்பக் கேட்கத் தொடங்கியதும், 1861 டிசம்பர் 30-இல் நியூயார்க் பாங்குகள் நோட்டுக்குத் தங்கம் கொடுப்பதை நிறுத்திவிட்டன. 1862 பிப்ரவரி 25-இல் நிறைவேறிய சட்டத்தால், தங்கமாக மாற்றிக் கொடுக்கும் வாக்குறுதி இல்லாத பச்சை நோட்டுகள் செல்லுபடியாகும் பணமாக வந்தன. நோட்டின் மதிப்பு தங்கத்துக்கு எதிரே சரியச் சரிய, வெள்ளி நாணயத்தில் உள்ள உலோகம் அந்நாணயத்தின் முகவிலையைவிட அதிகம் பெறும் நிலை வந்தது. அந்நிலை வந்த பிறகு எந்த வியாபாரியாவது வெள்ளியை வெளியே விடுவானா? 1862-ஆம் வருஷக் கோடைக்குள் பத்து சென்டு, கால் டாலர், அரை டாலர் நாணயங்கள் எல்லாம் பெட்டிக்குள் பதுங்கின. எஞ்சியவை கானடாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேறின. டாலர் நோட்டை நீட்டினால் பாக்கி கொடுக்க ஆளில்லை.

சென்டு நாணயத்தின் கதை இன்னும் விசித்திரமானது. 1857 முதல் அது நூற்றுக்கு 88 பங்கு செம்பும் 12 பங்கு நிக்கலும் சேர்ந்து, 72 கிரெயின் எடையில் அடிக்கப்பட்டு வந்தது. யுத்தத்துக்கு முன்பு கிழக்கத்திய நகரங்களில் அது மிதமிஞ்சிப் பெருகி, கடைக்காரர்கள் முகஞ்சுளித்து வாங்கும் காசாக இருந்தது. வெள்ளி மறைந்ததும் அதே காசை இருபத்தைந்து, ஐம்பது என்று எண்ணிப் பொட்டலங் கட்டி வெள்ளிக்குப் பதிலாக மாற்றினார்கள். சில மாதங்களுக்குள் அதற்கே வட்டம் கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. பிலடெல்பியா நாணயசாலை 1862-இல் 2,80,75,000 சென்டுகளும், 1863-இல் 4,98,40,000 சென்டுகளும் அடித்துத் தள்ளியது. அவ்வளவும் போன இடம் தெரியவில்லை. உலோகத்தின் மதிப்புக்காக மட்டுமே ஜனங்கள் காசைப் பதுக்குகிறார்கள் என்று நினைப்பவர்களுக்கு இது நல்ல மறுப்பு என்பது என் அபிப்பிராயம். சென்டில் அடங்கிய உலோகத்தைவிட, நாளைக்குச் சில்லறை கிடைக்காமற்போகும் என்ற பயமே அதைப் பானைக்குள் பூட்டிற்று.

முதலில் மக்கள் தபால் தலைகளைச் சில்லறையாகக் கொடுத்து வாங்கினார்கள். பசை தடவிய அத்துண்டுகள் வேர்வைக் கையில் ஒட்டிக்கொண்டு பாழாயின. 1862 ஜூலை 17-இல் இயற்றப்பட்ட சட்டம் தபால் தலைகளையே பணமாக ஏற்றுக்கொண்டது. ஒரு டாலருக்குக் குறைந்த தொகைக்குத் தனியார் எவரும் நோட்டோ வில்லையோ வெளியிடலாகாதென்றும் விதித்தது. கஜானா அதிகாரியான ஸ்பின்னர் தலைகளைக் காகிதத்தில் ஒட்டிக் காட்டிய யோசனையிலிருந்து அச்சிட்ட தபால் நோட்டுகள் உருவாகி, ஆகஸ்டு 21 முதல் வெளிவந்தன; 1863 மார்ச்சுச் சட்டத்தின்படி அவற்றின் இடத்தைப் பின்ன நோட்டுகள் பிடித்தன. ஆனால் இவற்றின் ஆகக் குறைந்த முகவிலை மூன்று, ஐந்து சென்டுகளாக இருந்ததனால், ஒரு சென்டுக்கு வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் இவற்றால் பிரயோசனம் இல்லை.

இந்த இடைக்காலத்தில் தோன்றிய ஒரு நூதனப் பொருளை இங்கே குறிப்பிடாமல் விட முடியாது. ஜான் கால்ட் என்பவர் 1862 ஆகஸ்டு 12-இல் காப்புரிமை பெற்று, தபால் தலையைச் சிறிய பித்தளைக் கூட்டுக்குள் வைத்து, முகப்பில் கண்ணாடிபோன்ற அப்பிரகத் தகட்டைப் பொருத்தி நாணய வடிவில் விற்றார். கனெக்டிகட் மாகாணத்து வாட்டர்பரியில் பொத்தான் முதலிய சாமான்கள் செய்துவந்த ஸ்கோவில் கம்பெனி அவற்றைத் தயாரித்தது. பின்புறத்தில் மருந்துக் கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தைப் பொறிக்க இடம் வாங்கின. அழகான வேலைதான், ஆயினும் தலையின் விலைக்கு மேல் கூட்டின் விலையும் சேர்ந்ததால் ஒரு சென்டுப் பஞ்சத்தை அது தீர்க்கவில்லை. அப்பிரகம் விரிசல் விடாமல், உள்ளிருக்கும் தலை நிறம் மங்காமல் கிடைப்பது அருமையாதலால் இன்று சேகரிப்போர் அதற்குக் கொடுக்கும் விலை மிக அதிகம்.

பஞ்சத்தைத் தீர்த்தவை செப்பு வில்லைகளே. 1862-ஆம் வருஷ இலையுதிர் காலத்தில் ஓஹையோ நதிக்கரையிலுள்ள சின்சினாட்டியில் அவை தலைகாட்டின; 1863-இல் நியூயார்க் நகரத்தில் வெள்ளமாகப் பெருகின. முத்திரை வெட்டும் தொழிலாளர்கள் அவ்விரு நகரங்களிலும் நிறைய இருந்தார்கள். சின்சினாட்டியில் ஜான் ஸ்டான்டன், வில்லியம் லான்பியர்; நியூயார்க்கில் எமில் சீகல், லூயிஸ் ரோலோப்; சிகாகோவில் சைல்ட்ஸ் ஆகியோரின் பட்டறைகள் பேர்பெற்றவை. இந்தியானா மாகாணத்து மிஷவாகா என்ற சிற்றூரில், பாரமானி செய்து விற்றுவந்த ஹிக்கின்ஸ் என்பவர்கூட அக்கம்பக்கத்துக் கடைகளுக்கு வில்லை அடித்துக் கொடுத்திருக்கிறார். அவர் வெட்டிய எழுத்துகளின் கரடுமுரடான போக்கைக் கொண்டே அவருடைய வேலையை அடையாளம் காணலாம்.

தொழில்முறை எளியது. பட்டறைக்காரர் செவ்விந்தியத் தலை, வாஷிங்டன் முகம், கழுகு, கேடயம் போன்ற பொது உருவங்களை வெட்டிய உருக்கு அச்சுகளைத் தயாராக வைத்திருப்பார். கடைக்காரர் வந்து பெயரும் தொழிலும் தெருவும் சொன்னால், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் புதிய அச்சு வெட்டி, மறுபக்கத்துக்குப் பொது அச்சு ஒன்றைக் கூட்டி, ஆயிரக்கணக்கில் அடித்துக் கொடுப்பார். பத்தொன்பது மில்லிமீட்டர் விட்டம், செப்பு நிறம், ஓரம் பெரும்பாலும் வரியில்லாத மொழுக்கு. கைக்குள் பட்டால் சர்க்கார் சென்டை ஒத்திருக்கும், ஆனால் தகடு அதைவிட மெல்லியது. அடிக்கூலியும் உலோகமும் சேர்த்து ஒரு சென்டுக்குக் கணிசமாகக் குறைந்தே ஆகும். ஆகவே வெளியிட்ட வியாபாரிக்குச் சில்லறைக் கஷ்டமும் தீர்ந்தது, லாபமும் கிடைத்தது, ஊரெல்லாம் சுற்றும் விளம்பரமும் இலவசமாக வந்து சேர்ந்தது.

இவற்றுள் மிகச் சாதாரணமான ஒன்றைக் கையிலெடுத்துப் பார்ப்போம். ஒரு புறம் இறகுமுடி தரித்த தலை, கீழே 1863. மறுபுறம் இலைமாலைக்குள் ‘ஒரு சென்டு’ என்று பருத்த எழுத்தில் இரண்டு வரி. அவ்விரண்டு வரிகளுக்கும் மேலே, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாலன்றித் தெரியாத பொடி எழுத்தில் ‘அன்று’ என்ற பொருள்பட மூன்றெழுத்துச் சொல் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். ஆக, முழு வாசகமும் ‘ஒரு சென்டு அன்று’ என்றாகிறது. கள்ள நாணயம் அடித்தான் என்று வழக்கு வந்தால் அந்த மூன்றெழுத்து காப்பாற்றும். கடைவீதியில் அது தேய்ந்து மறைந்துபோனால் நஷ்டமில்லை. நெடுநாள் புழங்கிய வில்லைகளில் அந்தச் சொல் அநேகமாக மழுங்கியே காணப்படுகிறது. எத்தனை கை மாறியிருந்தால் அவ்வளவு தேய்ந்திருக்கும் என்பதை நினைக்கையில், அத்தேய்மானத்தையே ஒரு சாசனமாகக் கொள்ளலாம்.

சேகரிப்போர் இவ்வில்லைகளை மூன்றாகப் பகுக்கின்றனர். முதலாவது, கடைப்பெயர் எதுவும் இல்லாமல் தேசபக்தி வாசகங்களும் உருவங்களும் மட்டும் கொண்டவை. ஐக்கியத்தைப் போற்றுவன, தரைப்படையையும் கடற்படையையும் வாழ்த்துவன, ‘மானிட்டர்’ என்னும் இரும்புக் கவசக் கப்பலின் உருவம் தாங்கியன என அவை பல. 1861 ஜனவரியில், நிதி மந்திரியாக இருந்த ஜான் டிக்ஸ், அமெரிக்கக் கொடியை எவனாவது இறக்க முயன்றால் அவனை அவ்விடத்திலேயே சுட்டுவிடும்படி நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பிய தந்தி, வடநாட்டு மக்களைச் சிலிர்க்க வைத்தது. அதைப் பொறித்த வில்லைகள் பல அச்சுகளிலிருந்து வந்தன. அவற்றுள் ஓர் அச்சை வெட்டியவர் அவசரத்தில் ‘இடம்’ என்னும் பொருள்படும் கடைசிச் சொல்லில் ஓர் உயிரெழுத்தை இரட்டித்துவிட்டார். அப்பிழையுள்ள வில்லை கிடைத்தால் இன்றும் அதைத் தனியே எடுத்து வைப்பார்கள். யார் வெளியிட்டார் என்பதே தெரியாத இவ்வகை வில்லைகளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க ஆளில்லை. எனினும் கடைவீதி அவற்றையும் தயங்காமல் ஏற்றது.

மூன்றாவது வகையை முதலில் முடித்துவிடுவோம். படைப்பிரிவுகளோடு கூடச் சென்று சிப்பாய்களுக்குச் சாமான் விற்ற பாளையக் கடைக்காரர்கள் வெளியிட்ட வில்லைகள் அவை. ஐந்து, பத்து, இருபத்தைந்து, ஐம்பது சென்டு மதிப்புகளில், படைப்பிரிவின் பெயரோடு அடிக்கப்பட்டன. சம்பளம் வராத சிப்பாய்க்குக் கடனாக இவற்றைக் கொடுத்து, சம்பள நாளில் கணக்குத் தீர்த்துக்கொள்வார்கள்; வேறு கடையில் இவை செல்லா. எண்ணிக்கையில் சொற்பம், விலையில் உயர்வு.

ஆராய்ச்சிக்குச் சுரங்கமாக இருப்பது இரண்டாவது வகையாகிய கடை வில்லைகள். இருபதுக்கு மேற்பட்ட மாகாணங்களில், நூற்றுக்கணக்கான ஊர்களில் இவை வெளியாயின. ஓஹையோ, நியூயார்க், மிச்சிகன், விஸ்கான்சின், இந்தியானா, இல்லினாய் மாகாணங்களில் மிகுதி. காகித நோட்டையே நம்பிய தென்னாட்டில் இவை மிக அரிது. மளிகை, மருந்து, செருப்பு, தொப்பி, சுருட்டு, புகைப்படம், பல் வைத்தியம் எனத் தொழில்களின் பட்டியல் நீளும். டிராய் நகரத்து மாவு மில் முதலாளி ஆலிவர் பவுட்வெல் தம்முடைய ஆபீஸில் கொடுத்தால் பணம் தரப்படும் என்று வில்லையிலேயே பொறித்தார். நியூயார்க்கில் மாப்பண்டம் சுட்டு விற்ற புரோவாஸ் கடையார், வாங்குவோர் தேடி வரும்படி தெருவின் இலக்கத்தையும் சேர்த்தனர். ஜெர்மானியர் மிகுந்த ஊர்களில் ஜெர்மன் மொழி வாசகமும் காணலாம். பெரிய சரித்திரப் புத்தகங்களில் ஒரு வரி இடமும் கிடைக்காத இந்தச் சாமானியர்களின் பெயரும் தொழிலும் முகவரியும் செம்பில் நிலைத்துவிட்டன. அக்காலத்து நகர விலாசப் புத்தகங்களோடும் 1860-ஆம் வருஷத்து ஜனக்கணக்கோடும் ஒப்பிட்டு, ஒரு கடைக்காரர் எந்தத் தேசத்திலிருந்து குடியேறினார், எப்போது கடை மாற்றினார் என்றெல்லாம் கண்டுபிடிக்க முடிகிறது. இவ்வில்லைகளால் விளைந்த நன்மைகளில் தலையாயதாக இதையே நான் கருதுகிறேன்.

இவற்றை ஜனங்கள் ஏன் நம்பினார்கள்? வில்லையிலுள்ள செம்புக்கு முகவிலை பெறும் யோக்கியதை இல்லை. சர்க்காரின் முத்திரையும் இல்லை. கடைக்காரர் நாளைக்கும் அதே தெருவில் கடை திறப்பார், அவர் கொடுத்ததை அவரே திரும்ப வாங்கிக்கொள்வார் என்ற அறிமுகம் ஒன்றே பிணை. தெருவுக்குள் இருக்கும்வரை அந்தப் பிணை உறுதியாக நின்றது. நகரம் முழுவதும் பரவியபோது என்ன ஆகும் என்பதற்குக் குஸ்தாவஸ் லிண்டன்முல்லர் என்னும் நியூயார்க் மதுக்கடைக்காரரின் சம்பவத்தை எல்லாரும் எடுத்துக்காட்டுவர். தாடி வைத்த தம்முடைய முகத்தை ஒரு புறமும் நுரை ததும்பும் பீர்க் குவளையை மறுபுறமும் பொறித்து, பத்து லட்சத்துக்கு மேல் வில்லைகளை அவர் வெளியிட்டதாகச் சொல்லப்படுகிறது. மூன்றாம் அவெனியூவில் குதிரை டிராம் ஓட்டிய கம்பெனி அவற்றைக் கட்டணமாக வாங்கி வாங்கிக் குவித்து, ஒருநாள் மூட்டையாகக் கொண்டுபோய்ப் பணம் கேட்டபோது, அவர் சிரித்து அனுப்பிவிட்டாராம். கம்பெனிக்கு வழக்குத் தொடுக்கவும் வழியில்லை. சர்க்கார் இத்தனியார் காசுகளை ஒழிக்கத் துணிந்ததற்கு இந்நிகழ்ச்சியையே காரணமாகச் சொல்பவர் பலர். அவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு மதுக்கடைக்காரரை முழுப் பொறுப்பாக்குவது பொருந்தாது. 1862-இலேயே தடை விதி இருந்தும் அதை யாரும் அமல் செய்யாதிருந்ததும், நாணயசாலையிடம் மாற்று ஏற்பாடு ஆயத்தமாகாதிருந்ததும் முக்கியமானவை.

அந்த மாற்று ஏற்பாட்டை வில்லைகளே கற்றுக்கொடுத்தன. மெல்லிய வெண்கல வில்லையை ஜனங்கள் மறுப்பின்றி வாங்குவதைக் கண்ட நாணயசாலைத் தலைவர் ஜேம்ஸ் பொலாக், நிக்கல் சேர்ந்த கனத்த சென்டைக் கைவிட்டு வெண்கலத்துக்கு மாறலாம் என்று வாதித்தார். 1864 ஏப்ரல் 22-ஆம் தேதிச் சட்டம் சென்டின் எடையை 72-லிருந்து 48 கிரெயினாகக் குறைத்து, இரண்டு சென்டு நாணயம் ஒன்றையும் புதிதாகத் தோற்றுவித்து, அவ்விரண்டுக்கும் பதிலாகத் தனியார் வில்லை வெளியிடுவதைக் குற்றமாக்கிற்று. ஜூன் 8-ஆம் தேதிச் சட்டம் தனியார் நாணயம் அனைத்தையும் தடுத்தது. வெண்கலச் சென்டு தாராளமாகப் புழங்க ஆரம்பித்ததும் கடை வில்லைகளின் ஆயுள் முடிந்தது. தடை செய்யப்பட்ட பொருளின் எடையையும் உலோகத்தையும் தடை செய்த சர்க்காரே ஏற்றுக்கொண்டு நாணயம் அடித்தது என்பது, பணத்தின் சரித்திரத்தில் நினைவில் நிறுத்தத்தக்க செய்தி.

சேகரிக்கும் ஆசை யுத்தம் முடியும்வரை காத்திருக்கவில்லை. வில்லைகள் புழங்கிக்கொண்டிருந்த நாட்களிலேயே நாணயப் பித்துக் கொண்ட கனவான்கள் பட்டறைகளுக்குச் சென்று, பித்தளையிலும் வெள்ளீயம் போன்ற கலப்பிலும் வெள்ளியிலும் தமக்கென அடித்து வாங்கினார்கள். சர்க்கார் சென்டின் மீதும் பத்து சென்டு வெள்ளிக் காசின் மீதும் அச்சை வைத்து அடிக்கச் சொன்னார்கள். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு அச்சுகளைக் கூட்டி, எந்தக் கடையும் வெளியிடாத கலப்பு வில்லைகளையும் பெற்றார்கள். பட்டறைக்காரருக்கு அதில் நல்ல வரும்படி.

பட்டியல் தயாரித்தவர்களின் உழைப்பை எவ்வளவு போற்றினாலும் தகும். பெஞ்சமின் ரைட் என்ற மருத்துவர் 1898 முதல் 1901 வரை நாணயவியல் பத்திரிகையொன்றில் வியாபார வில்லைகளின் வரிசையைத் தொடர்ந்து வெளியிட்டார். ஹெட்ரிக், கட்டாக் ஆகிய இருவர் 1924-இல் உள்நாட்டு யுத்த வில்லைகளுக்கென்றே தனிநூல் தந்தனர். பின்னர் மெல்வின் ஃபுல்ட், ஜார்ஜ் ஃபுல்ட் என்ற தந்தையும் மகனும், தேசபக்தி வில்லைகளை அச்சுகளின் இலக்கத்தாலும், கடை வில்லைகளை மாகாணம், ஊர், கடை என்ற கிரமத்தாலும் ஒழுங்குபடுத்தி, ஒவ்வோர் உலோகத்துக்கும் ஓர் எழுத்தைச் சேர்த்து ஒரு முறையை நிறுவினார்கள். கடை வில்லைகள் பற்றிய அவர்களுடைய பெருநூல் 1972-இல் வெளிவந்தது. நியூயார்க் நகரமென்றால் 630, சின்சினாட்டி என்றால் 165 என்று இன்றும் அவர்கள் வைத்த எண்ணாலேயே சேகரிப்போர் பேசிக்கொள்கின்றனர். 1967-இல் இதற்கென ஒரு சங்கமும் ஏற்பட்டது. கடை வில்லைகளில் மட்டும் எண்ணாயிரத்துக்கு மேற்பட்ட பேதங்கள் இதுவரை பதிவாகியிருக்கின்றன.

ஃபுல்ட் முறையில் அருமைக்கும் அளவுகோல் உண்டு: ஐயாயிரத்துக்கு மேல் மிஞ்சியிருந்தால் முதல் படி, இரண்டு முதல் நான்கு வரை என்றால் ஒன்பதாவது, ஒன்றே ஒன்று என்றால் பத்தாவது. பயனுள்ள ஏற்பாடுதான். ஆனால் விலை இந்தப் படிகளின் மீதேறிச் செல்வதால், அருமையே பெருமை என்ற மயக்கம் பலருக்கு உண்டாகிவிட்டது. ஒன்பதாவது, பத்தாவது படிகளில் வீற்றிருப்பனவற்றுள் மிகப் பல, மேலே சொன்ன கனவான்களுக்காக வெள்ளியிலும் பித்தளையிலும் அடிக்கப்பட்டவை; ஒரு நாளும் கடைவீதியைக் கண்டறியாதவை; சில்லறைப் பஞ்சத்தில் ஒரு ரொட்டித் துண்டையும் வாங்கிக் கொடுத்திராதவை. தேய்ந்து கறுத்து, முதல் படியில் கேட்பாரற்றுக் கிடக்கும் செப்பு வில்லையோ யுத்தகாலத்துத் தெருவின் நேர்சாட்சி. அழகுக்காகச் சேகரிப்பவரை நான் குறை சொல்லவில்லை. ஆயினும் யுத்தகாலச் சில்லறையின் சரித்திரத்தைச் சேகரிப்பதாகச் சொல்பவர், புழங்கியதையும் பெட்டிக்காகப் பிறந்ததையும் பிரித்தறிந்து, முன்னதற்கே முதலிடம் அளிக்கக் கடமைப்பட்டவர் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

பிரித்தறிவது எப்படி? தேய்மானம் முதல் அடையாளம், உலோகம் இரண்டாவது. இவற்றினும் நுட்பமானது அச்சின் நிலை. உருக்கு அச்சு அடிக்க அடிக்க விரிசல் விடும். அவ்விரிசல் வில்லையின் மீது மயிரிழைபோன்ற மேட்டுக்கோடாகப் படியும். நாளாக ஆகக் கோடு நீண்டு அகலும். ஒரே பொது அச்சு பத்துக் கடைகளின் வில்லைகளில் வந்தால், அவற்றின் விரிசலை வரிசைப்படுத்தி, எந்தக் கடைக்கு முன்னே அடித்தார்கள், எதற்குப் பின்னே அடித்தார்கள் என்று தீர்மானிக்கலாம். சுவடிகளை ஒப்புநோக்கி மூலத்தைத் தேடுபவருக்கு இந்தப் பரிசோதனை அந்நியமாகத் தோன்றாது. நன்றாகத் தேய்ந்த அச்சிலிருந்து புத்தம் புதிய வெள்ளி வில்லை ஒன்று காணப்பட்டால், அது பிற்காலத்தில் விருப்பத்துக்கு அடித்தது என்று ஊகிக்க இடமுண்டு. இந்த ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிற்பது, பளபளப்புக்காகச் செம்பைத் தேய்த்துத் துலக்கும் பழக்கம். புளியும் சாம்பலும் பட்ட வில்லையில் மயிரிழைக் கோடுகள் மறைந்துபோகின்றன, நூறாண்டு படிந்த மேற்றோலும் மீளாது.

வியாபாரிகளின் காசு அமெரிக்காவுக்கு மட்டும் உரிய விஷயமன்று. இங்கிலாந்தில் மன்னரும் பார்லிமெண்டும் பொருத உள்நாட்டுப் போரை ஒட்டி, 1648 முதல் 1672 வரை சத்திரக்காரரும் கடைக்காரரும் கால் பென்னி வில்லைகளை வெளியிட்டார்கள். அரசாங்கம் செப்பு நாணயம் அடித்ததும் அவை தடைபட்டன. முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸில் வியாபாரச் சங்கங்களும், ஜெர்மனியில் நகரசபைகளும் கம்பெனிகளும் இரும்பிலும் துத்தநாகத்திலும் அவசரக் காசு வெளியிட்டன. ஜெர்மனியில் யுத்தத்துக்குப் பின் பீங்கானிலுங்கூட வந்தது. அவை தனித்தனியே எழுதத்தக்கவை.

நம் நாட்டிலும் இரண்டாவது உலக யுத்தத்தின்போது இதே கஷ்டம் நேர்ந்தது. தேவைக்கு மேல் நாணயம் வைத்திருப்பது பாதுகாப்புச் சட்ட விதிகளின்படி குற்றமாக்கப்பட்டது. 1943-இல் உலோகத்தைச் சிக்கனம் செய்ய நடுவே துளையிட்ட காலணா வந்து, ஓட்டைக் காலணா என்று பெயர்பெற்றது. பீகானேர், மோர்வி போன்ற சமஸ்தானங்கள் சில்லறைக்குப் பதிலாகக் காகிதக் கூப்பன் அச்சிட்டன. சமஸ்தானக் கூப்பன்கள் பட்டியலிலும் ஏலத்திலும் இடம்பெற்றுவிட்டன. கடைகளும் ஹோட்டல்களும் சில்லறைக்குப் பதிலாகக் கொடுத்த துண்டுச் சீட்டுகளையும் அதே அக்கறையோடு தேட வேண்டும். காகிதமாகையால் செம்பைப்போல் அவை மண்ணிலும் பானையிலும் பிழைத்திருக்க மாட்டா. பழைய கணக்குப் புத்தகங்களின் நடுவிலும் கடை மேஜையின் இழுப்பறையிலும் அகப்பட்டால்தான் உண்டு. கிடைத்த சீட்டில் கடையின் பெயர், ஊர், தெரு, முகவிலை, அச்சகத்தின் பெயர், கையெழுத்து அல்லது ரப்பர் முத்திரை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, அது யார் வீட்டிலிருந்து, எந்தப் பொருள்களோடு சேர்ந்து வந்தது என்பதையும் அன்றைக்கே எழுதிவைப்பது, பின்னால் வருகிற ஆராய்ச்சியாளனுக்குச் சீட்டைவிட அதிகம் உதவும்.